கடைசி மேசையிலிருந்து

கடைசி மேசையில்தான் ஆரம்பிப்பாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரமாகக் கிடக்கும் தரையில், மின்விசிறிக் காற்று எட்டிப் பார்க்காத மூலையில் இருக்கும் மேசை அது. சோற்றுப் பாத்திரம், பருப்பு வாளி, காய், அவித்த முட்டை எல்லாவற்றையும் ஏற்றிய தள்ளுவண்டி அதைத் தேடித்தான் முதலில் போகும். வழியில் எத்தனை தட்டுகள் சத்தம் போட்டாலும் நிற்காது. "அக்கா, இங்க உயிர் போகுதுக்கா" என்று யாராவது இழுத்தால், "போகட்டும், சாப்பாடு வந்ததும் திரும்பி வரும்" என்று முகத்தைத் திருப்பாமலே பதில் வரும்.

டிராக்டர் தொழிற்சாலையின் கேன்டீன் அவள் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். எத்தனை தாண்டியாயிற்று என்று கேட்டால், "தாண்டினதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்ல" என்பாள். குள்ளமான உருவம். உடுப்புக்கு மேலே கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பாள். இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்டே வளர்ந்த குரல். வீட்டில் ரகசியம் பேசினாலும் அடுத்த வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று கணவர் சொல்வதுண்டு.

தொழிலாளிகள் அவளுக்கு வைத்த பெயர் மந்திரி. மதியச் செய்தி நேரத்தில் சுவரில் மாட்டிய டிவிக்கு எதிரே கரண்டியோடு நின்றுவிடுவாள். தலைநகரில் நிதியமைச்சர் வாயைத் திறந்தால், அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை அவர் முடிப்பதற்குள் இவள் சொல்லி முடித்துவிடுவாள். "இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு நாளாவது நூறு பேருக்குப் பரிமாறியிருக்கணும். அப்பத் தெரியும், பங்கு பிரிக்கிறது எப்படின்னு." அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மந்திரியக்கா மட்டும் பதவியில் நிலைத்துவிட்டாள்.

அவள் பெருமைப்பட்டுக்கொள்வது சமையலுக்காக அல்ல, கையின் அளவுக்காக. "என் கை தராசு" என்பாள். ஒரு தடவை ஃபிட்டர்கள் சிலர் பந்தயம் கட்டி, வெவ்வேறு மேசைகளிலிருந்து மூன்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் நட்டு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். முள் அசையவே இல்லை என்று ஒரு கட்சி. அசைந்தது, ஆனால் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது என்று இன்னொரு கட்சி. சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். பெயின்ட் பிரிவில் வேலை செய்யும் அவள் கணவருக்கும் அதே கரண்டி, அதே ஒரு முட்டை. "வீட்டுல கொஞ்சம் கூடக் கிடைக்கும், இல்லையாண்ணே?" என்று கிண்டல் செய்தால் அவர் பெருமூச்சு விடுவார். "வீட்டுலயும் இதே கைதானே தம்பி."

அவளுக்கு அடுத்த சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஆறடி உயரம், அகலமான சிரிப்பு. அவருக்கு வைத்த பட்டப்பெயர் தாராளம். கையில் கரண்டி கிடைத்தால் அவருக்கு மனசு தாங்காது. யார் முகத்தைப் பார்த்தாலும் இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்தபோது பரிமாறும் பொறுப்பு அவரிடம் போயிற்று. பாதி மேசைகள் வயிறு புடைக்க எழுந்தன. மீதிப் பாதிக்கு மேலாளர் வெளியிலிருந்து ரொட்டி வாங்கிப் போட வேண்டியதாயிற்று. காய்ச்சல் விடுவதற்கு முன்பே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு வெட்டலாம், வதக்கலாம், கிளறலாம். பரிமாற மட்டும் அனுமதி கிடையாது. "நீ நல்லவன்தான். ஆனா உன் நல்ல குணத்துக்குக் கடைசியில உக்காந்திருக்கிறவன்தானே பட்டினி கிடக்கணும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். சரி என்று தெரிந்தும் மாற்றிக்கொள்ள முடியாத குணம் அவருக்கு.

இந்தத் தொழிற்சாலையின் கதையைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. கம்பெனிக்கு இரண்டு தொழிற்சாலைகள். ஒன்று இங்கே, நாட்டின் ஓரத்தில் கிடக்கும் சின்ன மாகாணத்தில். இன்னொன்று தலைநகரை ஒட்டிய பெரிய மாகாணத்தில். நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி படுத்துவிட்டது. விற்காத டிராக்டர்கள் பின்பக்க மைதானத்தில் வரிசையாக நின்றன. சக்கரங்களுக்கு நடுவே புல் முளைத்து, ஆடுகள் வந்து மேய்ந்தன. சம்பளம் தவணை முறையில் வந்தது. கடைசியில் மத்திய அரசு பணம் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தப்போவதாக ஒரு மதியம் செய்தி வந்தபோது, கேன்டீனில் தட்டுகள் பறந்தன. மேசைமேல் ஏறி ஆடினார்கள். அந்த ஆரவாரத்தில் செய்தியின் பின்பாதியை யாரும் கேட்கவில்லை. டிவிக்குக் கீழேயே நின்றிருந்த அவள் கேட்டாள். செலவைக் குறைப்பதற்காக, கியர்பாக்ஸ் செய்யும் பிரிவு முழுவதும் இங்கிருந்து பெரிய மாகாணத்துக்குப் போகிறது.

அங்கே ஓட்டு அதிகம், நாடாளுமன்றத்தில் நாற்காலியும் அதிகம். இதைப் புரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டியிருக்கவில்லை. "நான் வாங்குற சோப்புலயும் வரி இருக்கு. அந்த வரியில அங்க விளக்கு எரியுது, இங்க ஒரு ஷெட்டு இருட்டா கிடக்கு. இதுக்குப் பேரு நாட்டைக் காப்பாத்துறதா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள். டிவியில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

இயந்திரங்கள் லாரிகளில் ஏறிப் போயின. அந்தப் பிரிவின் ஆட்களை, வேலை வரும்போது வரிசைப்படி கூப்பிடுகிறோம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற முதிய ஃபிட்டர் ஒரு சரக்கு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். கேன்டீனிலும் ஒரு ஆளைக் குறைக்கச் சொன்னார்கள். அவளுக்கு மிகவும் பிடித்த உதவியாளர்தான் கடைசியாகச் சேர்ந்தவள். இரண்டு குழந்தைகள் வேறு. வேறு யாரையாவது அனுப்பலாமே என்று தாராளம்கூட மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "வரிசைன்னா வரிசை" என்று அந்தப் பெண்ணைத்தான் அனுப்பினாள். பிறகு ஒரு வாரம் ஊரிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, ஒரு பள்ளிச் சமையலறையில் அவளைச் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவள் தம்பியும் ஒருவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவள் இடுப்பில் வளர்ந்தவன். கியர்பாக்ஸ் ஃபிட்டர். காதை வைத்துக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவான். இங்கே வேலை செய்த காலத்தில் அவனிடம் ஒரு குறும்பு இருந்தது. அக்கா பருப்பை ஊற்றி முடித்த பிறகும் தட்டைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருப்பான். மேசை முழுக்க வேடிக்கை பார்க்கும். அவள் கரண்டி அவனைத் தாண்டி அடுத்த தட்டுக்குப் போய்விடும். "ராட்சசி" என்று அவன் சிரிப்பான். தினமும் நீட்டினான், தினமும் தாண்டினாள்.

இயந்திரங்கள் போன கையோடு அவனும் அந்தப் பெரிய மாகாணத்துக்கே போனான். இங்கே ராஜினாமா, அங்கே புது ஆளாகச் சேர்க்கை. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, இயந்திரம் ஏற்றிய லாரியின் முன்சீட்டிலேயே உட்கார்ந்து போனான். வழியனுப்பப் போனவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "போ, போ. நாலே வருஷம். அந்த மிஷினெல்லாம் இங்க திரும்பி வரும், நீயும் வருவ" என்றாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மந்திரி சொன்னால் சொன்னதுதான்.

ஆட்கள் குறைந்ததால் கேன்டீனில் பாதி மேசைகளைத் தலைகீழாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மூலையில் வைத்தார்கள். வாராவாரம் அவற்றையெல்லாம் இறக்கிப் போட்டுச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மறுபடி அடுக்குவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். யாரும் உட்காராத மேசையை எதற்குத் துடைக்க வேண்டும் என்று தாராளம் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவார். "வரப்போறவங்க தூசியிலயா உக்காருவாங்க?" அவ்வளவுதான் பதில். பைத்தியம் என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் அந்த மேசைகள் துடைத்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பதில் அவர்களுக்கும் ஒரு தெம்பு இருந்தது.

கம்பெனி மறுபடியும் படுத்தது. படுக்காமல் என்ன செய்யும்? கியர்பாக்ஸை அங்கே செய்து, லாரியில் நாட்டைக் குறுக்கே கடந்து இங்கே கொண்டுவந்து மாட்டி, மாட்டிய டிராக்டரில் பாதியை மறுபடியும் அங்கேயே விற்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை மத்திய அரசு பணப்பெட்டியில் கை வைத்ததுமே சின்ன மாகாணங்கள் சண்டைக்கு வந்துவிட்டன. எல்லோர் வரிப்பணத்தையும் எடுத்து ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை கூரை போடுவீர்கள் என்று நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டினார்கள். பணத்தை எப்படிக் கொடுத்தால் இரு பக்கத்துக்கும் நியாயமாக இருக்கும் என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு புறப்பட்டது. பெரிய மாகாணத்துத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, இங்கேயும் வந்தது.

வருவதற்கு முந்தின நாள் மேலாளர் சமையலறைக்கே வந்துவிட்டார். முதல் மேசைக்கு வெள்ளைத்துணி, விருந்தாளிகளுக்குத் தனிச் சமையல், முதல் பரிமாறல் அவர்களுக்குத்தான் என்று வரிசையாகச் சொன்னார்.

"தனியா சமைக்க அடுப்பு இல்ல சார்" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு அடுப்புகள் சும்மா இருந்தன. மேலாளர் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். துணியை மட்டும் விரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளைத்துணி மேசையில் குழு உட்கார்ந்திருக்க, தள்ளுவண்டி அவர்களைத் தாண்டிக் கடகடவென்று கை கழுவும் தொட்டியை நோக்கிப் போயிற்று. மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு மேசையாக முடித்து வண்டி கடைசியாக முதல் மேசைக்கு வந்தபோது, குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, வயதான அதிகாரி, கோபப்படுகிறவராகத் தெரியவில்லை.

"அம்மா, எல்லா இடத்துலயும் எங்களுக்குத்தான் முதல்ல போடுவாங்க. இங்க என்ன, நாங்க கடைசி?" என்று கேட்டார்.

"இங்க யார் வந்தாலும் இப்படித்தான் சார்." அவள் கை நிற்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தது. "உங்களுக்குக் குறைஞ்சா நீங்க குரல் குடுப்பீங்க. மேலாளர் ஓடி வருவார், நான் ஓடி வருவேன், எங்கேயாவது போய் வாங்கிட்டாவது வருவோம். அந்தக் கடைசி மேசையில குறைஞ்சா? அவன் கத்தினாலும் இங்க கேக்காது. கேட்டாலும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. அதனால சத்தம் எட்டாத எடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

குழுத் தலைவர் சிரித்தார். ஆனால் விடுகிற ஆள் இல்லை. "சரி, பாத்திரத்துல இருக்கிறதே பாதிதான்னா? எல்லாருக்கும் அரை வயிறு போடுவீங்களா, பாதிப் பேருக்கு முழு வயிறு போடுவீங்களா? எனக்கு இருக்கிற சிக்கலே அதுதாம்மா. ரெண்டு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து, ரெண்டும் தேறாமப் போச்சுன்னா?"

"எல்லாருக்கும் அரை வயிறு போடுங்க சார். அரை வயித்துக்காரன் நாளைக்கும் வேலைக்கு வருவான். பட்டினி கிடந்தவன் ஊரைவிட்டே போயிடுவான். எங்க ஊர்லேர்ந்து அப்படித்தான் போனாங்க."

"கியர்பாக்ஸ் வேலை இங்க திரும்பி வந்தா, அங்க அதைச் செய்யுறவங்க கதி?"

"அங்க ஊர் பெரிசு. நாலு இடம் இருக்கு. பார்த்துக்குவாங்க."

"உங்களுக்கு அங்க யாராவது இருக்காங்களா?"

"என் தம்பியே இருக்கான் சார்!" என்று கரண்டியை உயர்த்தினாள். "அவன் கையை நம்பி எந்த மிஷினையும் விடலாம். அவனை வெளியே அனுப்ப அவங்களுக்கு மனசு வருமா?"

குழுத் தலைவர் ஏதோ சொல்ல வந்தவர், முட்டையை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டு தொழிற்சாலைகளுக்கும் பணம். கியர்பாக்ஸ் பிரிவு புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. குழுவின் முன் எத்தனையோ பேர் பேசியிருந்தார்கள். தொழிற்சங்கம் பேசியது, மாகாண அரசு பேசியது, லாரி வாடகையே தனியாக ஒரு பாட்டம் பேசியிருக்கும். ஆனால் கேன்டீனைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. மந்திரி பேசினாள், நடந்தது. அவளும் மறுக்கவில்லை. "நான்தான் கேட்டேன். கேட்டா கிடைக்கும்" என்று காலி வாளியின் அடியில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். மூலையிலிருந்த மேசைகளை இறக்கினார்கள். அவற்றில் துடைக்க எதுவும் இருக்கவில்லை. தாராளம் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தம்பியின் போன் வந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அவள் இன்னும் சிரித்த முகத்தோடுதான் எடுத்தாள்.

"பார்த்தியாடா! நான் சொன்னேன்ல, திரும்பி வரும்னு?"

"பார்த்தேன்க்கா." அவன் குரல் நிதானமாக இருந்தது. "இங்க எங்களைப் போகச் சொல்லிட்டாங்க. கடைசியா சேர்ந்தவங்க முதல்ல போகணுமாம்."

"நீ எப்படிடா கடைசி? நாலு வருஷமாச்சே!"

"நாங்க வந்ததுக்கப்புறம் இங்க ஒருத்தரைக்கூட எடுக்கலக்கா. மிஷினோட வந்தவங்கதான் கடைசி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைத்திறமை பார்த்து அனுப்புவார்கள் என்று எப்படி நினைத்தாள்? தன் சமையலறையிலிருந்து அந்தப் பெண்ணை அனுப்பியபோது இவள் திறமையா பார்த்தாள்? வரிசைதானே பார்த்தாள்! அதே வரிசை அங்கேயும் இருக்கும் என்று இந்த மண்டையில் உறைக்கவில்லை.

குழுத் தலைவரிடம் தான் பேசியதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். குழு முடிவு செய்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று பேச்சை மாற்றியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. "நான்தான்டா கேட்டேன். அந்தப் பெரியவர் அங்க இருக்கிறவங்க கதி என்னன்னு கேட்டார். பார்த்துக்குவாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் அவன் குழந்தையை மனைவியிடம் கொடுப்பது கேட்டது.

"நீ கேட்டது சரிதான்க்கா. அந்த வேலை நம்ம ஊரோடதுதான்" என்றான் தம்பி. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி விடு. பார்த்துக்குவோம்."

அவள் சொன்ன அதே சொல். அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாளே மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு அவள்மேல் இப்போது தனி மரியாதை. "உங்க தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். கவலைப்படாதீங்கம்மா. முதல்ல எடுக்கிற ஆட்களோட அவரையும் உள்ளே எடுத்துடலாம். வரிசையெல்லாம் நான் சரி பண்ணிக்கிறேன்."

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று சமையலறைக்குத் திரும்பினாள். இங்கே ராஜினாமா செய்துவிட்டுப் போனதால் தம்பியின் பழைய இடம் போய்விட்டது. வரிசையில் நிற்பவர்கள் வேறு. நாலு வருஷமாக எங்கும் போகாமல் காத்திருந்தவர்கள். சரக்கு வண்டி ஓட்டும் அந்த முதிய ஃபிட்டர் மாதம் தவறாமல் வாசலுக்கு வந்து, "எப்ப கூப்பிடுறாங்களாம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். தம்பி உள்ளே வந்தால் அவர்களில் யாரோ ஒருவர் ஒரு இடம் பின்னால் தள்ளிப்போவார். ஒரே ஒரு இடம். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

அன்று பருப்பில் உப்பு இல்லை. எல்லோரும் அப்படியே பிசைந்து சாப்பிட்டார்கள். அவள் சமையலில் உப்பு இல்லாமல் போவது அதுதான் முதல் தடவை என்பதால், வாயில் வைத்ததுமே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் கணவர் மட்டும், "உன் தம்பிதானே. ஊர் ஒண்ணும் சொல்லாது" என்றார். "ஊர் சொல்லாதுங்க" என்று ஒப்புக்கொண்டாள்.

காலையில் மேலாளர் அறைக்குள் போகாமல், வாசலில் நின்றபடியே சொன்னாள். "வரிசைன்னா வரிசை சார். காத்திருந்தவங்க முதல்ல வரட்டும். அவன் பின்னாடி நிக்கட்டும்." தம்பிக்கும் அவளே போன் செய்து சொன்னாள். அவன், "தெரியும்க்கா, நீ அப்படித்தான்" என்றான். பிறகு மூன்று வாரம் போன் இல்லை. அந்த மூன்று வாரமும் மதியச் செய்தியில் நிதியமைச்சர் எந்த இடையூறும் இல்லாமல் பேசி முடித்தார்.

இப்போது இயந்திரங்கள் திரும்பிவிட்டன. கழற்றியவர்களே வந்து மாட்டினால்தான் சரியாக வரும் என்று, அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களில் சிலரை மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு லாரிகளோடு கூட்டி வந்திருந்தார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து போனவன் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்பது வரிசை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. "நகரும். ஒரு வருஷத்துக்குள்ள அந்தப் பிரிவு ரெண்டு ஷிஃப்டு ஓடும், பாரு" என்று தாராளத்திடம் சொன்னாள். அந்தக் குரலில் பழைய மந்திரி கொஞ்சம் திரும்பியிருந்தாள். அதை நம்பலாம் என்றுதான் தோன்றியது. மேசை விஷயத்தில் அவள் சொன்னது பலித்திருக்கிறதே.

அவர்கள் வந்த முதல் நாள் மதியம் கேன்டீன் நிரம்பி வழிந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு எல்லா மேசைகளிலும் ஆட்கள். சரக்கு வண்டி ஃபிட்டர் புதுக் காக்கியில், கன்னத்தை வழித்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். தற்காலிக ஆட்களுக்குக் கிடைத்தது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. தள்ளுவண்டி வழக்கம்போல அதைத்தான் முதலில் தேடிப் போயிற்று.

தம்பி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. சோறு போட்டாள், காய் போட்டாள், ஒரு முட்டை வைத்தாள். பருப்பு ஊற்றக் கரண்டியை எடுத்தபோது அவன் தட்டை நீட்டவில்லை. குனிந்தபடி, அதைத் தன் பக்கமாகவே இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். சுற்றியிருந்த மேசைகளிலிருந்து தலைகள் திரும்பின. பழைய ஆட்கள் எல்லோருக்கும் அந்த நீட்டிய தட்டு ஞாபகம் இருந்தது.

அவள் கரண்டி வாளியிலிருந்து எழும்பியது, பாதியில் நின்றது. அதிலிருந்து பருப்பு சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்தது. எத்தனை ஆயிரம் தட்டுகளுக்கு அளந்த கை!

"தாராளம்" என்று கூப்பிட்டாள்.

சமையலறையிலிருந்து அவர் ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். என்ன தப்பு செய்தோம் என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக் கரண்டியை வைத்தாள்.

"இந்த மேசைக்கு நீ போடு."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, சுவரில் இருந்த டிவியைப் பார்த்தாள். அதை இன்னும் யாரும் போட்டிருக்கவில்லை.